ஓஷிகா நகர்ந்த கதை

டோக்கியோவின் அஸபுதாய் பகுதியில், பழைய வானாய்வகம் இருந்த இடத்தில், தரையில் ஓர் உலோகக் குறி பதிக்கப்பட்டிருக்கிறது. ஜப்பானின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகள் அனைத்துக்கும் அதுவே தொடக்கப்புள்ளி. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் அந்தக் குறி கிழக்கே 27 சென்டிமீட்டர் நகர்ந்துவிட்டது. நாட்டையே அளப்பதற்காக நட்ட குறி இடம்மாறினால் எதைக் கொண்டு எதை அளப்பது? அவ்வாண்டு அக்டோபரில் அதன் மதிப்பை அரசு திருத்த வேண்டியதாயிற்று.

இந்தச் சங்கடம் பழையது. 1906-இன் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தை ஆராய்ந்த ஹாரி ஃபீல்டிங் ரீட், மலையுச்சிகளுக்கிடையே கோணம் அளந்து எடுத்த பழைய முக்கோண அளவைகளையும் புதியவற்றையும் ஒப்பிட்டார். பிளவின் இருபுறமும் நிலம் பல்லாண்டுகள் மெல்ல வளைந்து, தாங்கமாட்டாத கணத்தில் முறிந்து துள்ளுகிறது என்று 1910-இல் எழுதினார். ஆனால் அவர் கைவசமிருந்த அளவைகளுக்கிடையே பல ஆண்டுகள் இடைவெளி. எந்த மலை அசையவில்லை என்பதையும் அனுமானித்தே தொடங்க வேண்டும்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் இந்த அனுமானத்தைத் தேவையற்றதாக்கின. சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அவற்றை எந்த நிலநடுக்கமும் அசைப்பதில்லை. நம் கைப்பேசி சில மீட்டர்கள் தவறும். நில அளவைக் கருவியோ 19 சென்டிமீட்டர் நீளமுள்ள அலையின் எந்தக் கட்டம் வந்து சேர்ந்தது என்பதையே கணக்கிடுவதால், பல நாள் அளவுகளைச் சேர்த்துப் பார்க்கையில் மில்லிமீட்டர் நகர்வும் புலப்படும். 1995-இன் கோபே அழிவுக்குப் பின் ஜப்பான் இத்தகைய நிலையங்களைப் பெருக்கிற்று. 2011-இல் அவை 1,200-க்கும் மேல்.

அவற்றுள் ஒன்று மியாகி மாநிலத்தின் ஓஷிகா தீபகற்பத்தில் இருந்தது. பசிபிக் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் வீதம் நெருக்க, ஆண்டுதோறும் மேற்கே தள்ளப்பட்டுவந்த அந்நிலம், அன்று கிழக்கு-தென்கிழக்காக 5.3 மீட்டர் பாய்ந்து, 1.2 மீட்டர் தாழ்ந்தது. கப்பலின் இருப்பிடத்தை ஜிபிஎஸ்ஸால் அறிந்து, அங்கிருந்து ஒலியனுப்பிக் கடல்தரைக் கருவிகளை அளந்த கடலோரக் காவல்படை, மையத்தருகே கடலடி 24 மீட்டர் நகர்ந்ததாகக் கண்டது. ரீட் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

மகிழத்தக்க கதையல்ல இது. பிற்பகல் 2.46-க்கு நடுக்கம், 2.49-க்கு முதல் சுனாமி எச்சரிக்கை. நில அதிர்வுப் பதிவுகளிலிருந்து விரைந்து கணித்த அளவு 7.9. உண்மையோ 9.0. ஆகவே இவாதே, ஃபுகுஷிமா கரைகளுக்கு 3 மீட்டர் அலை, மியாகிக்கு 6 மீட்டர் என்றே அறிவித்தார்கள். உள்நாட்டு அகலப்பட்டை நிலநடுக்கமானிகள் தம் எல்லையைத் தாண்டிய அதிர்வில் பயனற்றுப்போயின. 3.14-க்கு எண்கள் உயர்த்தப்பட்டபோது பல ஊர்களில் மின்சாரம் இல்லை. 15,900 பேர் அளவில் மாண்டனர். 2,500-க்கும் மேற்பட்டோர் இன்றுவரை காணாதவர்கள்.

அந்த நிமிடங்களில் ஓஷிகாவின் கம்பம் தான் எவ்வளவு நகர்ந்தது என்பதைப் பதிவுசெய்துகொண்டுதான் இருந்தது. இடப்பெயர்வை அளப்பதால், நடுக்கம் எவ்வளவு பெரிதானாலும் அக்கருவி திணறுவதில்லை. சில நிமிடங்களிலேயே அதிலிருந்து உண்மைக்கு நெருங்கிய அளவைப் பெற்றிருக்கலாம் எனப் பின்னாளைய ஆய்வுகள் காட்டின. எச்சரிக்கைக்காக அதை உடனுக்குடன் படிக்கும் ஏற்பாடுதான் அன்று இல்லை. அலட்சியம் என்று எளிதில் சொல்லிவிடலாம். எனக்கு மனம் வரவில்லை. தோஹொகு பல்கலைக்கழகமும் நாட்டின் நில அளவை நிறுவனமும் அத்தகைய ஏற்பாட்டைப் பின்னர் உருவாக்கின.

தாழ்ந்த ஓஷிகா கரையில் ஓதத்தின்போது கடல்நீர் ஏறியதால், மீன்பிடித் துறைகளின் தளங்களை உயர்த்திக் கட்டினார்கள். நிலமோ அன்றுமுதல் மெல்ல மெல்ல மீண்டும் எழுகிறது. உயர்த்திய தளங்கள் சிலவற்றைப் படகுகளுக்கு எட்டும்படி மறுபடி வெட்டித் தாழ்த்த வேண்டிவந்தது.