நாற்காலியும் வரைபடமும்: 1996 சொல்லும் பாடம்

'நீடித்த வளர்ச்சி', 'பேரிடரைத் தாங்கும் ஊர்' என்ற சொற்களை ஊராட்சித் திட்டப் பயிற்சிகளில் இப்போது அடிக்கடி கேட்கிறோம். நல்ல சொற்கள்தாம். ஆனால் 'ஊர்' என்று எதைச் சொல்கிறார்கள்? நம் கிராமங்களில் ஊர் வேறு, சேரி வேறு. மழைத்தண்ணீர் யார் வாசலில் தேங்கும், குடிநீர்க் குழாய் எந்தத் தெருவோடு நின்றுபோகும், யாருடைய சுடுகாட்டுக்குப் பாதை இருக்காது என்பதெல்லாம் தற்செயல் அல்ல. அதுவும் ஒரு திட்டம்தான். யாரும் எழுதி வைக்காத பழைய திட்டம்.

அண்ணல் அம்பேத்கர் இதை அறிந்திருந்தார். 1932 இல் பம்பாய் சட்டமன்றத்தில் கிராமப் பஞ்சாயத்து மசோதா வந்தபோது, ஒடுக்கப்பட்டோருக்குப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்று வாதாடினார். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில், கிராமங்களைக் குடியரசுகளாகப் போற்றியவர்களுக்கு மறுப்புச் சொன்னார்; அரசியலமைப்பின் அலகு கிராமம் அல்ல, தனிமனிதரே என்றார். பிறகு பஞ்சாயத்து 40வது பிரிவாக இடம்பெற்றது. ஆனால் அது வழிகாட்டு நெறி மட்டுமே, கட்டாயம் அல்ல.

பஞ்சாயத்தைக் கட்டாயமாக்கியது 73வது திருத்தம். 1993 ஏப்ரல் 24 இல் நடைமுறைக்கு வந்தது. அதில் இரண்டு பிரிவுகளைச் சேர்த்தே படிக்க வேண்டும். 243-டி, தலைவர் பதவி உட்படத் தலித், பழங்குடி மக்களுக்கு இடஒதுக்கீடு தருகிறது. 243-ஜி, ஊராட்சியின் திட்டம் பொருளாதார வளர்ச்சிக்கு மட்டுமல்ல, சமூக நீதிக்கும் உரியது என்கிறது. ஒன்று நாற்காலி, மற்றது பேனா. இவ்விரண்டும் நம் கைக்கு வரும் என்ற நம்பிக்கையோடுதான் தமிழ்நாடு 1996 உள்ளாட்சித் தேர்தலைச் சந்தித்தது.

மதுரை மாவட்டம் மேலவளவில் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டல், வீடு எரிப்பு, வாக்குச்சாவடித் தாக்குதல் எல்லாவற்றையும் தாண்டி முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று, மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சென்று திரும்பும் வழியில், பேருந்தை மறித்து அவரையும் உடனிருந்த ஐவரையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளில் 2006 வரை தலித் தலைவர் ஒருவர் நிலைத்து உட்கார முடியவில்லை. பத்து ஆண்டுகள்!

அதே 1996 இல் திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் இளங்கோ ரங்கசாமி தலைவரானார். தலித், வேதிப்பொறியாளர், அறிவியல் ஆய்வுப் பணியை விட்டுவிட்டு ஊர் திரும்பியவர். கழிவாக ஒதுக்கப்பட்ட கற்களைக் கொண்டு குறைந்த செலவில் வடிகால் கட்டினார். அது விதிமீறல் என்று இடைநீக்கம் செய்யப்பட்டார். விசாரணைக்குப் பின் மீண்டும் பதவிக்கு வந்தார். பிறகு சமத்துவபுரத்தில் இரட்டை வீடுகள் எழுந்தன. ஒரு பாதியில் தலித் குடும்பம், மறுபாதியில் வேறு சாதிக் குடும்பம், நடுவே ஒரே சுவர். ஊர், சேரி என்ற பழைய வரைபடத்தின் மீது புது வரைபடம் ஒன்று போடப்பட்டது.

இவ்விரண்டு கதைகளையும் நாம் ஒன்றாகவே படிக்க வேண்டும். குத்தம்பாக்கத்தை மட்டும் சொன்னால், நல்ல தலைவர் வந்தால் போதும் என்று தோன்றும். மேலவளவை மட்டும் சொன்னால் நம்பிக்கையே அற்றுப்போகும். பேனா நம் கைக்கு வந்தால் என்ன செய்ய முடியும் என்பதைக் குத்தம்பாக்கம் காட்டியது. நாற்காலிக்காகவே கொலை செய்யும் ஆட்கள் ஏன் இருக்கிறார்கள் என்பதற்கும் அதில்தான் விடை இருக்கிறது.

பேனா நம் கையில் இல்லாதபோது என்ன நடக்கும்? 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்தில் பார்த்தோம். இழப்பைப் படகு, வலைக் கணக்கில் எண்ணினார்கள். உப்பேறிய வயலில் கூலி இழந்த தலித் விவசாயத் தொழிலாளிக்குப் படகும் இல்லை, பட்டா நிலமும் இல்லை. அதனால் பல இடங்களில் நிவாரணப் பட்டியலில் அவர் பெயரும் இல்லை. பேரிடர் எல்லோருக்கும் பொதுவாக வரலாம். பட்டியல் அப்படி வருவதில்லை.

இன்று ஒவ்வொரு ஊராட்சியும் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரித்து, கிராம சபையின் ஒப்புதல் பெற வேண்டும். தோழர்களே, அடுத்த கிராம சபையில் அந்தத் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். வடிகால் எந்தத் தெருவில் தொடங்கி எந்தத் தெருவில் முடிகிறது, வெள்ளக் காலத்தில் தங்கும் கட்டடம் எங்கே, அதற்குள் நம் மக்கள் நுழைய முடியுமா என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். மேலவளவில் ஆறு பேர் உயிர் கொடுத்தது அந்தப் புத்தகத்தில் எழுதும் உரிமைக்காகத்தான்.