எக்ஸ்கொம் 2: புதிய விளையாட்டு ஒன்றின் மீது எழுந்த மூன்று கோபங்கள்

கணினி விளையாட்டு என்றதும் எம்மில் பல பெற்றோருக்கு நினைவில் வருவது ஓயாத துப்பாக்கிச் சத்தமும் விசைப்பலகையைப் போட்டுத் தட்டும் விரல்களும்தான். அந்தக் கணக்கில் சேராத ஒரு வகையும் உண்டு. அதில் நாம் எமது ஆட்களை நகர்த்திவிட்டு நிறுத்துவோம். பிறகு எதிரி தனது ஆட்களை நகர்த்துவான். எமது முறை வரும்போது ஐந்து நிமிடம் யோசித்தாலும் கேட்பாரில்லை. சதுரங்கத்தைப் போல, ஊரில் நிலத்தில் கோடு கீறி ஆடிய நாயும் புலியும் போல. முறை வைத்து ஆடும் போர்த்தந்திர விளையாட்டு என்று இதைச் சொல்லலாம்.

இந்த வகையில் மிகவும் பேசப்பட்டவற்றுள் ஒன்று எக்ஸ்கொம் 2. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் இயங்கும் பிராக்சிஸ் நிறுவனம் உருவாக்க, 2கே நிறுவனம் 2016 பெப்ரவரி 5ஆம் திகதி வெளியிட்டது. விமர்சகர்கள் பெரும்பாலும் பாராட்டினார்கள். விளையாடியவர்களோ பாராட்டினார்கள், அதே மூச்சில் கோபமும் கொண்டார்கள். அந்தக் கோபம் ஒன்றல்ல, மூன்று. மூன்றும் வேறு வேறு காரணத்தால் வந்தவை; மூன்றுக்கும் முடிவும் வேறு வேறாகவே அமைந்தது. எமது பிள்ளைகள் புதிதாக வந்த ஒரு விளையாட்டைப் பற்றிக் கத்தும்போது அதை எப்படிக் கேட்பது என்பதற்கு இந்த வரலாறு நல்ல பாடம்.

தோல்வியிலிருந்து தொடங்கும் கதை

இந்த விளையாட்டின் மூலவேர் 1994இல் ஜூலியன் கொலொப் வடிவமைத்த விளையாட்டு ஒன்றில் இருக்கிறது. வேற்றுக்கிரகவாசிகள் பூமியைத் தாக்குகிறார்கள். ஒரு சிறு படை எதிர்க்கிறது. அதை பிராக்சிஸ் நிறுவனம், ஜேக் சொலமன் என்பவரின் தலைமையில், 2012இல் புதிதாக ஆக்கி வெளியிட்டது. அந்த விளையாட்டுக் கடினமானது. பலர் முதல் தடவையில் தோற்றுத்தான் போனார்கள்.

அடுத்த பாகத்தை எழுதியவர்கள் அந்தத் தோல்வியையே கதையாக எடுத்துக்கொண்டார்கள். எக்ஸ்கொம் 2 நடப்பது 2035இல். மனிதர் தோற்று இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. பூமியை வேற்றுக்கிரகவாசிகளின் கைப்பொம்மை அரசு ஆள்கிறது. பளபளக்கும் நகரங்கள், அவற்றின் வாசல்களில் சோதனைச் சாவடிகள், எங்கும் பிரசாரத் திரைகள். எஞ்சிய எதிர்ப்பாளர்கள் ஓரிடத்தில் நிலைகொள்ள முடியாமல், பறக்கும் கப்பல் ஒன்றில் நாடு நாடாக ஒளிந்து திரிகிறார்கள். அவர்களின் தளபதி நீங்கள்.

ஒவ்வொரு பணிக்கும் நான்கு பேருடன் தொடங்கி, பின்னர் ஆறு பேர் வரை கொண்டுபோகலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு முறையில் இரண்டு செயல்கள்: நகரலாம், சுடலாம். சுவர், கார், மரம் போன்றவற்றின் பின்னால் மறைந்து நிற்க வேண்டும். சுடுவதற்கு முன்னர், குறி தப்பாமல் படுவதற்கான வாய்ப்பு எத்தனை வீதம் என்று திரையில் காட்டும். இறந்த வீரர் இறந்தவர்தான். அடுத்த பணிக்கு எழுந்து வரமாட்டார். சதுரங்கப் பலகையில் தாயக்கட்டையை உருட்டினால் எப்படியிருக்கும்? ஏறக்குறைய அப்படி.

முதலாவது கோபம்: இயந்திரம் திணறியது

வெளியான முதல் நாட்களில் எழுந்த முறைப்பாடுகளில் பெரும்பகுதி விளையாட்டைப் பற்றியதே அல்ல, அது ஓடிய விதத்தைப் பற்றியது. நல்ல விலை கொடுத்து வாங்கிய கணினிகளிலும் காட்சி தடக்கித் தடக்கி ஓடியது. ஒரு வீரர் சுட்டு முடித்த பின்னர் காரணமில்லாமல் சில வினாடிகள் எல்லாம் உறைந்து நின்றன. ஒரு பணியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் காத்திருப்பு மிக நீண்டது.

இதில் வேடிக்கையான சம்பவமும் உண்டு. காத்திருக்கும் நேரத்தில் விசைப்பலகையின் கப்ஸ் லொக் விசையை அழுத்தினால் காத்திருப்புச் சட்டென்று குறைகிறது என்பதை விளையாடியவர்களே கண்டுபிடித்தார்கள். செய்தி பரவியது, பலரும் அழுத்திப் பார்த்து உண்மைதான் என்றார்கள். தேவையற்ற இடைநிறுத்தங்களை வெட்டிவிடும் சிறு இணைப்பு ஒன்றையும் ஒருவர் எழுதி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். நிறுவனம் மார்ச் மாதத்தில் திருத்தப் பொதியை வெளியிட்டு வேகத்தைக் கூட்டியது.

இந்தக் கோபம் முழுக்க நியாயமானது. காசு கொடுத்து வாங்கிய பொருள் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். இதற்கு விவாதம் தேவையில்லை, திருத்தம் தேவை. திருத்தம் வந்ததும் இந்தக் கோபம் தணிந்தது.

இரண்டாவது கோபம்: மணிக்கூடு

அடுத்த முறைப்பாடு ஆழமானது. எக்ஸ்கொம் 2இன் பணிகளில் பலவற்றுக்கு முறைகளின் எண்ணிக்கையில் வரம்பு வைத்திருந்தார்கள். எட்டு முறைகளுக்குள் ஒரு கணினியைக் கைப்பற்று, இத்தனை முறைகளுக்குள் ஆளை மீட்டுக்கொண்டு வெளியேறு என்பது போல. வரம்பு முடிந்தால் பணி தோல்வி. வெளியேறும் பணிகளில் பின்தங்கிய வீரரை அங்கேயே விட்டுவிட்டு வர நேரும்.

ஆறுதலாக யோசிக்கத்தானே இந்த வகை விளையாட்டுக்கு வந்தோம், இங்கேயும் விரட்டுகிறார்களே என்று ஒரு பகுதியினர் கொதித்தார்கள். அவர்களின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. முதல் பாகத்தில் ஓரடி நகர்ந்து, காவல் நிலையில் நின்று, மறுபடி ஓரடி நகர்ந்து என்று பத்திரமாக ஆடியவர்கள் அவர்கள். அந்தப் பொறுமை ஒரு தவறு அல்ல. அதுதான் அவர்களுக்கு இன்பம்.

வடிவமைத்தவர்களின் காரணமும் அதே இடத்திலிருந்துதான் வந்தது. ஓரடி நகர்ந்து காவல் காப்பதுதான் எப்போதும் சிறந்த வழி என்றால், மற்ற வழிகளை எல்லாம் வைத்திருந்து என்ன பயன்? எல்லாப் பணியும் ஒரே மாதிரி ஆகிவிடும். அதனால் 2013இல் முதல் பாகத்துக்கு வந்த விரிவாக்கத்திலேயே, சில முறைகளுக்குள் எடுக்காவிட்டால் அழிந்துபோகும் பொருட்களை ஆங்காங்கே வைத்துப் பார்த்தார்கள். அங்கே அது ஆசை காட்டல். எக்ஸ்கொம் 2இல் அது கட்டாயம். மேலும், புதிய பாகத்தின் பெரும்பாலான பணிகளில் வீரர்கள் எதிரியின் கண்ணில் படாமலே தொடங்குகிறார்கள். பதுங்கியிருந்து முதல் அடி கொடுக்கலாம். கால வரம்பும் இல்லாவிட்டால் அந்தச் சாதகம் அளவுக்கு மீறிவிடும்.

பணிகளுக்கு வெளியே இன்னொரு மணிக்கூடும் இருந்தது. வேற்றுக்கிரகவாசிகளின் இரகசியத் திட்டம் சிவப்புக் கட்டங்களாக நிரம்பிக்கொண்டே வரும். முதல் தடவை விளையாடியவர்கள் அதைப் பார்த்து மிரண்டுபோனார்கள். நாட்கள் போகப் போகத்தான் விளங்கியது: எதிரியின் நிலையங்களைத் தகர்த்தால் அந்தக் கட்டங்கள் பின்வாங்கும், எல்லாம் நிரம்பினாலும் உடனே தோல்வி இல்லை, இன்னும் சில நாட்கள் அவகாசம் கிடைக்கும். மிரட்டல் பெரிது, ஆபத்து அவ்வளவு இல்லை.

இந்தக் கோபம் எப்படி முடிந்தது? யாரும் வெல்லவில்லை, யாரும் தோற்கவில்லை. விளையாட்டை மாற்றியமைக்கும் கருவிகளை நிறுவனம் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் திறந்துவிட்டிருந்தது. முதல் பாகத்துக்கு 'லோங் வோர்' என்ற பெரும் மாற்றத்தைச் செய்த ஆர்வலர் குழுவைக் கேட்டு, வெளியான நாளிலேயே சில இணைப்புகளும் கிடைக்கச் செய்திருந்தது. அந்தக் கருவிகளால் கால வரம்பை நீக்கும் இணைப்பு, நீட்டும் இணைப்பு, எதிரி கண்டுபிடிக்கும் வரை மணிக்கூட்டை ஓடவிடாமல் நிறுத்திவைக்கும் இணைப்பு என்று வரிசையாக வந்தன. கடைசியாகச் சொன்னது மிகவும் புத்திசாலித்தனமானது: பதுங்குவதற்கு அவகாசம் தருகிறது, சண்டை தொடங்கிய பின்னர் பதற்றத்தையும் காக்கிறது. 2017 ஓகஸ்டில் வந்த பெரிய விரிவாக்கத்தில் நிறுவனமே கால வரம்பைத் தளர்த்தும் தெரிவுகளைச் சேர்த்தது. வரம்பை விரும்பியவர் அதனோடு ஆடினார், விரும்பாதவர் அது இல்லாமல் ஆடினார்.

மூன்றாவது கோபம்: '90 வீதம் என்று காட்டிவிட்டு எப்படித் தவறும்?'

எக்ஸ்கொம் விளையாடும் எவரும் ஒரு நாள் கேட்கும் கேள்வி இது. எதிரி பக்கத்தில் நிற்கிறான், திரையில் 90 வீதம், சுட்டால் தவறுகிறது. விளையாட்டு ஏமாற்றுகிறது என்ற குற்றச்சாட்டு உடனே எழும்.

கணக்கைப் பார்ப்போம். 90 வீத வாய்ப்பில் பத்துத் தடவை சுட்டால், பத்தும் படுவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 35 வீதம்தான். அதாவது ஒன்றாவது தவறுவதற்கே வாய்ப்பு அதிகம். 85 வீத வாய்ப்புள்ள இரண்டு குறிகளும் அடுத்தடுத்துத் தவறுவது 44இல் ஒரு தடவை நடக்கக்கூடியது. முழு விளையாட்டிலும் நூற்றுக்கணக்கில் சுடுகிறோம். அப்படியானால் அந்த 'நடக்கவே முடியாதது' பல தடவை நடந்தே தீரும். பட்ட குறிகளை மறந்துவிடுகிறோம், தவறியதை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம்.

பிராக்சிஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான சிட் மையர் 2010இல் விளையாட்டு உருவாக்குநர் மாநாடு ஒன்றில் இதைப் பற்றி விரிவாகப் பேசியிருக்கிறார். தமக்கு மூன்றுக்கு ஒன்று என்று சாதகமாக இருக்கும் சண்டையில் தோற்றால் விளையாடுபவர்கள் கொதிக்கிறார்கள். ஒன்றுக்கு மூன்று என்று பாதகமாக இருக்கும் சண்டையில் வென்றால் அதைத் தமது திறமை என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் ஒரே கணக்குத்தான். இரண்டுக்கு ஒன்று என்பதும் இருபதுக்குப் பத்து என்பதும் ஒன்றுதான் என்றாலும், இருபதுக்குப் பத்து என்றால் வெற்றி உறுதி என்றே மனம் எண்ணுகிறது.

உண்மையில் விளையாட்டு ஏமாற்றத்தான் செய்கிறது, ஆனால் எமது பக்கமாக. எளிய நிலைகளில் ஆடும்போது, அடுத்தடுத்துக் குறி தவறினால் அடுத்த குறிக்கான வாய்ப்பை அது இரகசியமாகக் கூட்டிவிடுகிறது. திரையில் காட்டும் எண் மாறுவதில்லை. மிகக் கடினமான நிலையில் மட்டும் இந்தக் கைத்தாங்கல் இல்லை. இதைச் சொலமன் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். ஏமாற்றுகிறது என்று கத்தியவர்களில் பலர், தமக்காகச் செய்யப்பட்ட ஏமாற்றைக் கவனிக்கவே இல்லை.

இந்தக் கோபத்துக்குத் திருத்தப் பொதி இல்லை. திருந்த வேண்டியது எமது கணிப்பு. கணிதப் பாடத்தில் நிகழ்தகவு விளங்கவில்லை என்று சொல்லும் பிள்ளையோடு, இந்த 90 வீதத்தை வைத்து ஒரு கொப்பியில் எழுதிப் பார்க்கலாம். பாடநூலின் எடுத்துக்காட்டைவிட இது மனதில் பதியும், ஏனென்றால் வலித்திருக்கிறது.

பெயர் வைத்த வீரர்கள்

வலிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எக்ஸ்கொம் 2இல் வீரர்களின் முகம், உடை, நாடு, பெயர் எல்லாவற்றையும் நாமே அமைக்கலாம். உலகெங்கும் விளையாடியவர்கள் தமது நண்பர்களின், சகோதரர்களின் பெயர்களை வைத்தார்கள். அந்த வீரர் இறந்தால், கப்பலில் உள்ள நினைவுச் சுவரில் அந்தப் பெயர் ஏறுகிறது. கோபங்களுக்கு நடுவில், விளையாடியவர்கள் மிகவும் அன்போடு பேசியது இதைத்தான். இந்த வீரர் எப்படி இறந்தார், யாரைக் காப்பாற்றப்போய் இறந்தார் என்று கதை கதையாகச் சொன்னார்கள். ஒரேயொரு சேமிப்பை மட்டும் அனுமதிக்கும் கடும் நிலையைத் தாமாகத் தெரிவுசெய்து ஆடியவர்களும் உண்டு. அதில் போனவரைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

இந்த இடத்தில் எமது வீடுகள் மற்ற வீடுகளைப் போல அல்ல. எமது சுவர்களில் மாலை போட்ட படங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றவர்கள், ஆளை விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள் அதே வீட்டில் இருக்கிறார்கள். வேற்றுக்கிரகவாசிகளின் கற்பனைக் கதை எம்மைப் பற்றியது அல்ல. ஆனாலும் பிள்ளை தனது வீரருக்கு மாமாவின் பெயரை வைத்திருப்பதைத் தற்செயலாகப் பார்க்கும் தாய்க்கு நெஞ்சு ஒருகணம் நின்று போகலாம். அதைத் தடுப்பதால் பயனில்லை. காணாததுபோல் இருப்பதிலும் பயனில்லை. ஏன் அந்தப் பெயர் என்று கேட்கலாம். அந்தப் பெயருக்குரியவர் யார் என்று நாம் சொல்லலாம். பல வீடுகளில் தொடங்க இடம் தெரியாமல் நிற்கும் பேச்சு அது.

நாம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

எந்தப் புதிய விளையாட்டு வந்தாலும் முதல் வாரத்தில் இதே மூன்று கோபங்களும் ஒன்றாகக் கலந்தே ஒலிக்கும். பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். உடைந்திருக்கிறதா? அப்படியானால் திருத்தம் வரும் வரை காசைக் கையில் வைத்திருங்கள். உருவாக்கியவரின் எண்ணம் எமது விருப்பத்தோடு ஒத்துவரவில்லையா? மாற்றும் தெரிவு அல்லது இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அது எமக்கான விளையாட்டு அல்ல. எதிர்பார்த்தது நடக்கவில்லை என்ற மனத்தாங்கலா? அதற்குப் பழி சொல்ல ஆளில்லை. கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்த முறையை ஆட வேண்டியதுதான். பத்துக்கு ஒன்பது தவறாது என்றால், ஒன்று தவறும் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. அந்த ஒன்றையும் கணக்கில் எடுத்து ஆட்களை நிறுத்துகிறவர்தான் நல்ல தளபதி.