'சபாபதி': ஏமாற்றாத வேலைக்காரன்

வீட்டுப் பணியாள் எசமானனை ஏமாற்றி வெல்வது உலக நகைச்சுவை மரபின் பழமையான கதைக்கூறுகளுள் ஒன்று. உரோம நாடகாசிரியர் பிளாட்டசின் அடிமைகளும், 18ஆம் நூற்றாண்டு இத்தாலிய நாடகாசிரியர் கோல்டோனியின் பணியாளும் சூழ்ச்சியால் காரியம் சாதிப்பவர்கள். 1941 டிசம்பரில் வெளிவந்த 'சபாபதி' திரைப்படம் இம்மரபிலிருந்து விலகுகிறது. அதன் வேலைக்காரன் எவரையும் ஏமாற்றுவதில்லை. இட்ட ஏவலைச் சொல்லுக்குச் சொல் நிறைவேற்றுகிறான். அக்கீழ்ப்படிதலே எசமானனை நிலைகுலையச் செய்கிறது.

ஏ.வி. மெய்யப்பனும் ஏ.டி. கிருஷ்ணசாமியும் இயக்கிய இப்படத்திற்கு மூலம் பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். அவர் 1891இல் சென்னையில் தோற்றுவித்த சுகுண விலாச சபை, கற்றோர் ஊதியம் கருதாது நடித்த பயில்முறைக் குழுவாகும். அத்தகைய சூழலில் வேலைக்காரனின் அறியாமை எளிதில் ஏளனப் பொருளாகியிருக்கும். ஆசிரியரோ எசமானனுக்கும் பணியாளுக்கும் ஒரே பெயரைச் சூட்டினார். படிப்பு ஏறாத செல்வனும் ஏவல் விளங்காத பணியாளும் ஒருவருக்கொருவர் நிழலாகின்றனர். எசமானன் சிவகாமுவை மணக்க, பணியாள் குண்டுமுத்துவை மணப்பதும் இவ்விணைநிலையின் தொடர்ச்சியே.

திரையாக்கத்தில் இச்சமநிலை மேலும் மாறியது. எசமானனாக டி.ஆர். இராமச்சந்திரனும் பணியாளாகக் காளி என். இரத்தினமும் நடித்தனர். இரத்தினம் பாய்ஸ் கம்பெனி மரபில் வளர்ந்தவர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் எம்.ஜி.ஆருக்கு நடிப்புப் பயிற்றியவர். கற்றோர் சபையின் எழுத்து, தொழில்முறை மேடையில் தேர்ந்த உடலைச் சந்தித்தபோது, துணைப்பாத்திரம் தலைமைப் பாத்திரத்திற்கு நிகரானது.

அவ்வெற்றிக்குப் பின் இவ்விருவரும் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'திவான் பகதூர்' (1943) படத்தில் மீண்டும் இணைந்தனர். அந்நிறுவனத்தை நிறுவிய டி.ஆர். சுந்தரமே அதனை இயக்கினார். திருச்செங்கோடு, மல்லசமுத்திரம் முதலிய ஊர்களும் அடங்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டம் சென்னைக்கு வெளியே இயங்கிய முதன்மையான படத்தயாரிப்பு மையங்களுள் ஒன்றாக விளங்கியது. ஆங்கில அரசின் பட்டத்திற்கு ஏங்கும் மனநிலையை எள்ளிய இப்படத்திலும் நகைப்பின் இலக்கு மேலிருப்போரே.

பிளாட்டசின் அடிமை வெல்லும்போது வீட்டின் ஒழுங்கு சிறிது நேரமேனும் தலைகீழாகிறது. 'சபாபதி'யில் அவ்வாறு நிகழ்வதில்லை. எசமானன் எசமானனாகவே நீடிக்கிறான். ஆயினும் அறிவால் அன்றிப் பிறப்பாலும் பொருளாலும் மட்டுமே அவன் எசமானன் என்பது வெளிப்பட்டுவிடுகிறது. தமிழ்த் திரையில் பணியாளர் சித்திரிப்பை ஆராய்வோர் சூழ்ச்சியை மட்டுமே எதிர்ப்பாகக் கொண்டால் இவ்வெளிப்பாடு கவனத்திலிருந்து தப்பிவிடும். ஏவலை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுவதும் ஏவியவனை அம்பலப்படுத்தும் என்பதே 'சபாபதி' உணர்த்தும் உண்மை.