ஒரே பெயர், மூன்று கப்பல்கள்

ஹைதராபாத்தில் குடியேறி வாழும் தமிழராகிய நாம் பருகும் நீரில் ஒரு பங்கு இன்று கோதாவரி நதியிலிருந்து வருகின்றது. அந்நதியின் பெயரைத் தாங்கி மூன்று போர்க்கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலோடின. அவற்றின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

பாட்டனின் பெயரைத் தாங்குபவனைப் பெயரன் என்றனர் நம் முன்னோர். கடற்படைகளிலும் இத்தகைய வழக்கம் உண்டு. பழைய கப்பல் மறைந்த பின்னர், அதன் பெயரைப் புதிய கப்பலுக்கு இடுவர்.

முதற் கோதாவரி, இங்கிலாந்தில் கட்டப்பட்டு 1943-இல் ராயல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த 'ஸ்லூப்' வகைக் கப்பலாகும். வாணிபக் கப்பல்களுக்குத் துணை செல்வதும், நீர்மூழ்கிகளை வேட்டையாடுவதும் இவ்வகைக் கப்பலின் பணி. 1944 ஆகஸ்ட் 12-ஆம் நாள், பிரிட்டிஷ் கப்பலாகிய 'பிண்டார்ன்' துணையுடன், ஸீஷெல்ஸ் தீவுகளுக்கருகே ஜெர்மானிய நீர்மூழ்கியான யு-198-ஐ அது மூழ்கடித்தது.

பின்னர் தேசப் பிரிவினை வந்தது. நிலத்தைப் போலவே கப்பல்களும் பங்கிடப்பட்டன. நதிகளின் பெயர் பூண்ட ஸ்லூப்களில் ஸட்லெஜ், யமுனை, கிருஷ்ணா, காவிரி ஆகிய நான்கும் இந்தியாவுக்குக் கிடைத்தன. நர்மதையும் கோதாவரியும் பாகிஸ்தானைச் சேர்ந்தன. அங்கே நர்மதை 'ஜீலம்' ஆயிற்று. கோதாவரி 'ஸிந்த்' ஆயிற்று. கப்பல் போயிற்று, பெயர் மட்டும் நம்மிடம் எஞ்சியது.

அப்பெயருக்கு உரிய இரண்டாவது கப்பல் 1953-இல் பிரிட்டனிலிருந்து கடனாக வந்தது. அது புதிய கப்பலன்று. 'பெடேல்' என்னும் பெயருடன் 1941-இல் நீரில் இறக்கப்பட்ட நாசகாரி. யுத்த காலத்தில் போலந்துக் கடற்படையில் 'ஸ்லான்ஸாக்' என்ற பெயரில் பணியாற்றி, 1942-இல் தியெப் துறைமுகத் தாக்குதலிலும் பங்கு கொண்டது. கங்கை, கோமதி என்னும் இரு சகோதரிக் கப்பல்களும் அதனோடு நம் கடற்படையை அடைந்தன.

மூன்றாவது கோதாவரியோ நம் கடற்படையினரே வடிவமைத்து, பம்பாய் மஸகாவ் கப்பல் தளத்தில் கட்டியது. 1983 டிசம்பர் 10-ஆம் நாள் பணியில் சேர்ந்த இந்தப் 'பிரிகேட்', இரண்டு ஹெலிகாப்டர்களைச் சுமக்க வல்லது. அதனை அடுத்து வந்த இரு கப்பல்களுக்கும் கங்கை, கோமதி என்றே பெயரிட்டனர். பழைய மூவரின் பெயர்களையும் நாடு மறக்கவில்லை என்பது இதனால் புலனாகும்.

1988 நவம்பரில் மாலத்தீவு அரசைக் கவிழ்க்க முயன்று தோற்ற கூலிப்படையினர், பிணைக்கைதிகளுடன் 'புராக்ரெஸ் லைட்' என்ற சரக்குக் கப்பலில் தப்பியோடினர். கோதாவரியும் 'பேத்வா'வும் துரத்திச் சென்று அதனை மடக்கின. 2015 டிசம்பர் 23-ஆம் நாள் கோதாவரி பணி ஓய்வு பெற்றது.

முதலாவது, அந்நியர் ஆட்சியில் அந்நிய மண்ணில் கட்டியது. இரண்டாவது, கடனாகப் பெற்றது. மூன்றாவது, நாமே ஆக்கியது. ஒரு நாடு நாற்பது ஆண்டுகளில் நடந்த தூரத்தை இப்பெயர் ஒன்றே அளந்து காட்டுகின்றது. பிறந்த ஊரை விட்டு வந்தும் பேரக் குழந்தைக்குப் பாட்டன் பெயரையே இடும் நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். பாட்டன் தந்தது பெயர். அதற்குப் பெருமை தேடித் தருவது பெயரனின் கடமை.