தில்லைச் சிற்பியரும் கடற்கரைச் சாயக்காரரும்

திருக்கோயிற் கல்வெட்டுகளைப் படிப்போர், அரசர் பெயரையும், நிலம் விட்டவர் பெயரையும், நந்தாவிளக்கு எரிக்க ஆடும் பசுவும் அளித்தவர் பெயரையும் மிகுதியாகக் காண்பர். கல்லைச் செதுக்கிய கைக்கு உரியவர் பெயரைக் காண்பதோ அரிது. செய்தவன் தன்னை மறைத்துக்கொண்டு, செய்பொருளை இறைவனுக்கே உரிமையாக்கிவிடுவது நம் நாட்டு மரபு என்று இதற்கு அமைதி கூறுவார் உளர். அக்கூற்று முழுதும் உண்மையன்று என்பதற்குத் தில்லையே சான்றாகும்.

தில்லையின் வடக்குக் கோபுரம் விசயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் திருப்பணி. 1516ஆம் ஆண்டையொட்டிச் சிம்மாத்திரி நாட்டில் பெற்ற வெற்றிக்குப் பின் அவர் இதனை எடுப்பித்தார் என்று கல்வெட்டுக் கூறும். கைகூப்பி நிற்கும் அவர் உருவத்தை வழிபடுவோர் பலரும் கண்டிருப்பர். அதே கோபுரத்தினுள் வேறு நால்வர் உருவங்களும் உள்ளன. அவற்றை நின்று நோக்குவோர் மிகச் சிலரே. விருத்தகிரியிற் கேசவப்பெருமாள், அவர் மகன் விசுவமுத்து, திருப்பிறைக்கோடை ஆசாரி திருமருங்கன், அவர் தம்பி காரணாச்சாரி என்று பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. கோபுரத்தைக் கட்டிய சிற்பியர் இவர்களே. விருத்தகிரி என்பது திருமுதுகுன்றமாகிய விருத்தாசலம். தந்தையும் மகனும், அண்ணனும் தம்பியுமாக இரு குடும்பத்தார், நூலும் மட்டக்கோலும் உளியும் கொண்டு வந்து, வேந்தன் நிற்கும் வாயிலிலேயே தாமும் நின்றுவிட்டனர். வேந்தன் இதற்கு இசைந்தான் என்பதே அவன் பெருமைக்குப் போதும்.

கோபுர வாயில்களின் உட்சுவர்களில் பரத நூல் கூறும் நூற்றெட்டுக் கரணங்கள் அமைந்துள்ளமை அடியார் அறிந்ததே. தஞ்சைப் பெரிய கோயிலிலும் இம்முயற்சி நடந்தது. ஆயின் அங்கு எண்பத்தொரு கரணங்களே செதுக்கப்பட்டன. எஞ்சிய இருபத்தேழு கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. தஞ்சையில் ஆடுபவர் சிவபெருமான். தில்லையிலோ ஆடுபவள் ஒரு நங்கை. கீழைக் கோபுரத்தில் ஒவ்வொரு கரணத்துக்கும் உரிய வடமொழிச் சுலோகமும் கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டுள்ளது. சுலோகம் கையையும் காலையும் வைக்க வேண்டிய நிலையைச் சொல்லும்; இடை வளைவையும், முழங்கால் மடங்கும் அளவையும், ஆடி முடிக்கும் நொடியில் முகத்தில் தோன்றும் அமைதியையும் சொல்லாது. அவை சிற்பி தன் கண்ணால் கண்டு கொண்டவை. திருவிழா நாளில் கோயிலில் ஆடியவளை, உளியைக் கீழே வைத்துவிட்டு நின்று பார்த்தவன் ஒருவன் இருந்திருக்க வேண்டும். நூலறிவு ஒரு பங்கு என்றால், நாள்தோறும் கண்ட காட்சி மூன்று பங்கு எனலாம்.

ஆட்டத்திலிருந்து கல்லுக்குப் போனது, பின்னர்க் கல்லிலிருந்து ஆட்டத்துக்குத் திரும்பியது. 1914ஆம் ஆண்டின் சென்னைக் கல்வெட்டுத் துறை அறிக்கை இக்கரணங்களை அச்சேற்றியது. 1936இல் சென்னையில் வெளிவந்த 'தாண்டவ இலக்கணம்' என்னும் ஆங்கில நூல் இவற்றையே பொருளாகக் கொண்டது. நாட்டியக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் கரணங்களை ஆராய்ந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, கல்லில் உறைந்த நிலைகளை மீண்டும் அசைவாக்கி மேடையில் ஆடிக் காட்டினார். 1981 முதல் மகாசிவராத்திரியை ஒட்டித் தில்லையில் நாட்டியாஞ்சலி விழா நடைபெற்று வருகிறது.

கல்லின் கதை இது. வண்ணத்தின் கதை அதே வழியில், கடலோரத்தில் நிகழ்ந்தது.

கடலூரிலிருந்து தில்லைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், குடிகாடு, செம்மங்குப்பம் முதலிய ஊர்களையடுத்து, உப்பனாற்றின் அருகே சிப்காட் தொழிற்பேட்டை அமைந்துள்ளது. சாயப்பொருள், மருந்து, பூச்சிக்கொல்லி முதலியவற்றைச் செய்யும் ஆலைகள் அங்கு எழுந்தன. சாயம் இக்கரைக்குப் புதிதன்று. சோழமண்டலக் கரையின் மணற்பாங்கான நிலத்தில் சாயவேர் என்னும் சிறு செடி விளையும். இம்பூறல் என்பதும் அதுவே. ஆங்கிலக் கும்பினியார் 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியதற்குக் காரணம் இக்கரையின் துணி வாணிகமே. கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் மரக்கலங்கள் துணிக்காகவே காத்துக் கிடந்த காலம் அது.

துணியில் ஓவியம் தீட்டும் முறை நுட்பமானது. பருத்தித் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். கோட்டுக்கு இரும்புக் கரைசல். சிவக்க வேண்டிய இடத்துக்குப் படிகார நீர். படிகாரம் பூசிய இடம் அப்போது கண்ணுக்குச் சிறிதும் நிறம் காட்டாது. சாயவேர் இட்ட கொப்பரையில் துணி கொதிக்கும்போதுதான், பூசிய இடமெல்லாம் செக்கச் சிவந்து எழும். நீலம் ஏறக்கூடாத இடங்களை மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் அமிழ்த்துவர். காணாத நிறத்தை மனத்தில் கொண்டு கை எழுதிய தொழில் இது. பிரெஞ்சுப் பாதிரியார் கேர்து இம்முறையை ஓவியர்களிடமே கேட்டறிந்து 1742இல் தம் நாட்டுக்கு நீண்ட கடிதமாக எழுதியனுப்பினார். கற்றுக்கொடுத்தோர் பெயரை அவர் எழுதியிருந்தால் நாம் அவருக்கு இன்னும் கடமைப்பட்டிருப்போம்.

சாயவேரின் செம்மைக்குக் காரணமான அலிசரின் என்னும் பொருளைச் செருமானிய வேதியியலார் 1868இல் ஆய்வுக்கூடத்திலேயே செய்துவிட்டனர். 1897இல் செயற்கை நீலமும் விற்பனைக்கு வந்தது. தென்னார்க்காட்டில் அவுரி பயிரிட்டுப் பிழைத்த குடும்பங்களும், மணலில் சாயவேர் தோண்டியோரும் வேறு தொழில் தேடிப் போயினர். பின்னாளில் அதே கரையிலே அச்செயற்கைச் சாயத்தைச் செய்யும் ஆலைகள் அமைந்தது காலத்தின் விளையாட்டு. ஆலைகளால் நீரும் காற்றும் கெட்டன என்று சுற்றுப்புற ஊரார் நெடுங்காலமாக முறையிட்டு வந்துள்ளனர். தொழில் வந்ததால் சோறு கிடைத்தவர்களும் அவ்வூரார்களே. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே முறையாகும்.

இச்செய்திக்கும் குடமுழுக்குக்கும் தொடர்பு யாதெனில், தில்லைச் சிவகாமியம்மை திருக்கோயில் மண்டபத்து விதானத்தை அண்ணாந்து நோக்குக. அங்கே பதினேழாம் நூற்றாண்டைச் சார்ந்த நாயக்கர் கால ஓவியங்கள் உள்ளன. பிட்சாடனராக வரும் பெருமானும், மோகினியும், தாருகாவனத்து முனிவரின் பத்தினிமாரும் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளனர். ஓவியன் கோயிலுக்கு வெளியே வீதியில் கண்ட துணியையே அவர்களுக்கு உடுத்தியிருக்கிறான் என்று கொள்வது மிகையாகாது.

திருப்பணி என்றாலே புதுப்பித்தல் என்று எண்ணும் அன்பர்கள் கொடையளிக்கும்போது இவ்விடத்தில் சற்றே தாழ்க்க வேண்டும். எத்தனையோ கோயில்களில் இத்தகைய விதானங்கள் சுண்ணாம்பு வெள்ளைக்கு உள்ளே மறைந்தன. தூண்களை மணல் வீச்சால் துலக்கியபோது கல்வெட்டெழுத்தும் சிற்பத்தின் விரல்நுனியும் சேர்ந்தே உதிர்ந்தன. செய்தவரும் கெடுக்க எண்ணியவர் அல்லர். கோயில் பளிச்சென்று விளங்க வேண்டும் என்ற ஆர்வத்தால் செய்தவரே. விதானத்துக்கு முதலில் வேண்டுவது மேல்தளத்து ஒழுக்கை அடைத்தல். அடுத்து, விளக்குக் கரியை அறிந்தவர் கையால் மெல்ல நீக்குதல். இவ்விரண்டுக்கும் ஆகும் செலவு, புதுவண்ணம் பூசும் செலவைப் போலக் கண்ணில் படாது; கல்வெட்டில் பொறிக்கத்தக்க கொடையாகவும் தோன்றாது. அம்மை மண்டபத்து மோகினியின் சேலையில் இன்னும் சிவப்பு இருக்கிறது.