பெயின்டல், அவ்தார் சிங்

பெயின்டல், அவ்தார் சிங் (1925–2004): இதயம், நுரையீரல் ஆகியவற்றிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுசெல்லும் நரம்பு உணரிகளை ஆராய்ந்த இந்திய உடலியங்கியலாளர். பர்மாவின் மோகோக்கில் பிறந்தார். லக்னோவில் மருத்துவம் பயின்று, எடின்பரோவில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தின் இயக்குநரானார்.

இவ்வுறுப்புகளை மூளையுடன் இணைக்கும் வேகஸ் நரம்பின் தனி இழைகளைப் பிரித்தெடுத்து, அவற்றின் மின் துடிப்புகளைப் பதிவதே அவரது முறை. 1953இல் ‘ஜர்னல் ஆஃப் ஃபிசியாலஜி’ இதழில் வெளியான கட்டுரை, இதய மேலறை உணரிகளை இருவகையாக்கியது: மேலறை சுருங்கும்போது துடிப்பவை ஏ வகை, குருதி நிறைந்து சுவர் விரியும்போது துடிப்பவை பி வகை. இவற்றுள் பி வகை, குருதிக் கொள்ளளவை உடல் உணரும் வழிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

1955இல் அவர் நுரையீரல் ‘சுருக்க உணரிகள்’ என விவரித்தவற்றின் இயல்பான தூண்டல், தந்துகிகளை ஒட்டிய திசுவில் நீர் மிகுவதே எனப் பின்னர் காட்டினார். 1969இல் அவற்றின் பெயரை, தந்துகிகளை ஒட்டியவை என்ற பொருளில், ‘ஜே உணரிகள்’ எனத் திருத்தினார். தம் பெயரீட்டைத் தாமே மாற்றிக்கொண்ட இச்செயல் குறிப்பிடத்தக்கது. நுரையீரல் நீர்க்கோப்பில் எழும் மூச்சுத்திணறலை விளக்க இவ்வுணரிகள் உதவுகின்றன. ‘ஃபிசியாலஜிகல் ரெவ்யூஸ்’ இதழில் 1973இல் வந்த அவரது வேகஸ் உணரிகள் பற்றிய நெடுங்கட்டுரை இத்துறையின் அடிப்படை ஆவணங்களுள் ஒன்று.

1981இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1986இல் பத்ம விபூஷண் பெற்றார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் இருந்தார். ஆய்வு வெளியீட்டில் நேர்மையை வலியுறுத்தும் அறிவியல் விழுமியங்களுக்கான சங்கத்தை நிறுவியதில் முதன்மைப் பங்கு வகித்தார்.