கடல் கடந்த போரும் யாழ்ப்பாணத்து அடுப்படியும்

இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது யாழ்ப்பாணக் குடாநாடு போர்க்களமாகவில்லை. 1942 ஏப்பிரல் 5ஆம் திகதி கொழும்பையும், 9ஆம் திகதி திருகோணமலையையும் யப்பானிய விமானங்கள் தாக்கின. அவற்றுக்கு முன்னரே, குண்டு எதுவும் விழாமல், யுத்தம் எமது மக்களின் அடுப்படிவரை வந்து சேர்ந்துவிட்டது. அது எவ்வழியாக வந்தது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆறுகள் அற்ற, கிணற்று நீரை நம்பிய குடாநாட்டில் விளைநிலம் குறைவு; மக்கள் தொகை மிகுதி. மறுபுறத்தில், 1816இல் வந்த அமெரிக்க மிசனும் 1823இல் எழுந்த வட்டுக்கோட்டை செமினரியும் பிற பாடசாலைகளும் ஆங்கிலக் கல்வியை வளர்த்தன. இவ்விரண்டின் விளைவாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி தொடக்கம் யாழ்ப்பாண இளைஞர் பலர் மலாயா சென்று, புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பெற்றனர். அவர்கள் அனுப்பிய காசு கல்வீடாகவும், காணியாகவும், சீதனமாகவும், கோயில் திருப்பணியாகவும் உருமாறியது. இளைப்பாறி ஊர் திரும்பிய ‘மலாயன் பென்சன்காரர்’ கிராமத்தின் பெரியவராக மதிக்கப்பட்டார். அதேவேளை இலங்கை உண்ட அரிசியின் பெரும்பகுதி இறக்குமதியாகவே வந்தது; அதில் பர்மாவின் பங்கு பெரிது. ஆகவே மலாயாக் காசு, பர்மா அரிசி என்னும் இரு தூண்கள்மீது யாழ்ப்பாண வாழ்வு பெரிதும் தங்கியிருந்தது எனலாம்.

1941 டிசெம்பர் 8ஆம் திகதி யப்பானியர் மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கினர். 1942 பெப்ருவரி 15இல் சிங்கப்பூரும், மார்ச் 8இல் இரங்கூனும் வீழ்ந்தன. மூன்றே மாதங்களில் இரு தூண்களும் சரிந்தன. காசுக்கட்டளை நின்றது, கடிதமும் நின்றது. கணவனோ மகனோ உயிருடன் உள்ளானா என்பதை அறியாமலே குடும்பங்கள் 1945வரை காத்திருக்க நேர்ந்தது. அங்கிருந்தோரிற் சிலர் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தோடு இணைந்தனர். அதில் இலங்கையருக்கெனத் தனிப்பிரிவொன்றும் இயங்கியது. தோட்டங்களில் உழைத்த தமிழகத் தொழிலாளரின் கதியோ மேலும் கொடியது. 1943இல் முடிவுற்ற சயாம்–பர்மா புகையிரதப் பாதை அவர்களுள் பல்லாயிரவரின் உயிரைக் குடித்தது.

இங்கு அரிசி பங்கீட்டுக்கு உட்பட்டது. கூப்பனும் சங்கக்கடையும் அன்றாட வாழ்வின் சொற்களாயின. தீவெங்கும் ஆயிரக்கணக்கில் எழுந்த கூட்டுறவுப் பண்டகசாலைகள் யுத்தத்தின் பிள்ளைகளே. காசின் வலிமை தளர, கூப்பனின் மதிப்பு ஓங்கியது. குரக்கனும் மரவள்ளியும் ஒடியலும் மீண்டும் மதிப்புப் பெற்றன. பலாலியில் பிரித்தானிய விமானப்படை அமைத்த விமானத்தளம் செம்மண் தோட்டங்களுக்கு நடுவே யுத்தத்தின் நிலையான சுவடாயிற்று.

யுத்தம் முடிந்தது, பழைய வாழ்வு முழுமையாகத் திரும்பவில்லை. 1930களின் பொருளாதார மந்தத்தால் ஏற்கெனவே ஒடுங்கியிருந்த மலாயா வாயில் முன்போல் அகலத் திறக்கவில்லை. படித்த இளைஞரின் நம்பிக்கை இலங்கை அரசாங்க சேவையிலேயே மேலும் குவிந்தது. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் அவ்வளவு ஆழமாகத் தாக்கியமைக்கு இதுவும் ஒரு காரணம் என்பது எமது கருத்து. ஒரு வாயில் ஒடுங்கியிருந்த வேளையில் மற்றதும் அடைக்கப்பட்டது.

தன் வாழ்வாதாரத்தைத் தொலைவில் வைத்துள்ள சமூகத்துக்குத் தொலைவில் நிகழும் போர் என ஒன்று இல்லை. 1983இன் பின் புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணத்தை நம்பி வாழும் வீடுகள் இன்றும் எம்மிடையே பல உள. ஆதலால் இது பழங்கதையன்று. 1942இல் சங்கக்கடை வாசலில் தாயின் கைபிடித்து நின்ற சிறுவர் இன்று தொண்ணூறை அண்மித்த முதியோர். அவர்தம் நினைவுகள் ஏட்டில் ஏறாமல் மறையுமாயின், எமது வரலாற்றின் ஓர் அத்தியாயமும் உடன் மறையும். அவற்றைக் கேட்டெழுதுவது வரலாற்று மாணவராகிய எமது கடனாகும்.